கொழும்பு மருத்துவ பீடமா, யாழ்ப்பாண மருத்துவ பீடமா? விருப்ப ஒழுங்கை எழுதுமுன் ஆலோசனை தேவை

வெள்ளவத்தை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். இம்முறை உயர்தரப் பரீட்சையில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் தமிழ் மொழிமூலம் தோற்றி, மருத்துவ பீடமொன்றுக்குத் தெரிவாகக்கூடிய இசட் புள்ளியை (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளியை) பெற்றுள்ளேன். கடந்த ஆண்டுகளின் கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த என் இரசாயனவியல் ஆசிரியர், கொழும்பு பீடத்தின் எல்லையை ஒட்டி நான் நிற்பதாகவும், அது கிடைக்காவிட்டாலும் ஸ்ரீ ஜயவர்த்தனபுர, களனி, பேராதனை, ருகுணு, யாழ்ப்பாணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கிடைக்கும் என்றும் கூறுகிறார். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் எதை முதலாவதாக எழுதுவது என்பதில்தான் எங்கள் வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை.

அப்பாவுக்குச் சென்ற ஆண்டு பக்கவாதம் ஏற்பட்டு, வலது கை இன்னும் முழுமையாக வழங்கவில்லை. இயன்மருத்துவத்துக்கும் மாதாந்தக் கிளினிக்குக்கும் இதுவரை நானும் அம்மாவும் மாறி மாறி அவரை அழைத்துச் சென்றோம். அம்மா பாடசாலை ஆசிரியை என்பதால் வார நாட்களில் விடுப்பு எடுப்பது கடினம். தம்பி அடுத்த ஆண்டு சாதாரண தரம் எழுதுகிறான். ஆகவே நான் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய பீடத்திலேயே படிக்க வேண்டும் என்று அம்மா விரும்புகிறார். அப்பாவோ, அம்மம்மாவும் மாமாவும் கொக்குவிலில் மருத்துவ பீடத்துக்கு அண்மையில் இருக்கும்போது, யாழ்ப்பாணம் சென்று தமிழ் பேசும் நோயாளர்களிடையே நிம்மதியாகப் படித்துவிட்டு வா என்கிறார். தன் நோய்க்காக நான் எதையும் இழந்துவிடக் கூடாது என்ற எண்ணமும் அவரிடம் இருக்கிறது. அதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை.

என்னுடைய தயக்கம் மொழி பற்றியது. கடையிலும் பேருந்திலும் சமாளிக்கும் அளவுக்குச் சிங்களம் தெரியும். ஆனால் ஒரு நோயாளியின் கட்டிலருகே நின்று அவருடைய நோய் வரலாற்றைக் கேட்டறியும் அளவுக்குத் தெரியாது. கொழும்பில் மூன்றாம் ஆண்டிலிருந்து நோயாளர் விடுதிகளுக்குச் செல்லும்போது தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் பின்தங்கிவிடுகிறார்களா? யாழ்ப்பாணத்தில் படித்தால் பின்னாளில் கொழும்பில் வேலை செய்வதோ பட்டப்பின் படிப்பைத் தொடர்வதோ கடினமாகுமா? இவ்விரு இடங்களிலும் படித்தவர்கள், அல்லது பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர்கள், தங்கள் அனுபவத்தைக் கூறினால் பேருதவியாக இருக்கும்.

பொரளை வைத்தியர்:

தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, தமிழ் மொழிமூலம் உயர்தரம் எழுதி, கொழும்பு பீடத்தில் படித்தவன். ஆகவே உங்கள் கேள்வியை மறுதிசையிலிருந்து கடந்து வந்தவன் என்று சொல்லலாம்.

விண்ணப்பம் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை முதலில் நீக்கிவிடுகிறேன். எல்லையில் இருக்கும் பிள்ளைகள் பலர், கொழும்பை முதலாவதாக எழுதி அது கிடைக்காமல் போனால் இரண்டாவதாக எழுதியதும் கைநழுவிவிடும் என்று அஞ்சுகிறார்கள். அப்படி நிகழாது. உங்கள் புள்ளி எந்தத் தெரிவுக்குப் போதுமானதோ, அவற்றுள் நீங்கள் மேலே எழுதிய தெரிவுதான் உங்களுக்குக் கிடைக்கும். எனவே கிடைக்குமா கிடைக்காதா என்று கணக்குப் பார்த்து எழுதாமல், உண்மையாகவே எங்கு படிக்க விரும்புகிறீர்களோ அந்த ஒழுங்கிலேயே எழுதுங்கள். அதேவேளை, மேலே எழுதியது கிடைத்துவிட்டால் கீழே எழுதியவை இல்லாமற்போகும். பிறகு மாற்றம் பெற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் எதையும் எழுதாதீர்கள்.

அடுத்து, பீடத்தின் பெயர் பற்றி. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கப்பட்டது. யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978இல் தொடங்கப்பட்டு, போர்க்காலம் முழுவதும் பெரும் இடர்களுக்கு மத்தியில் மருத்துவர்களை உருவாக்கி வந்தது. இரண்டின் வரலாறும் பெருமைக்குரியது. ஆனால் வேலை வாய்ப்பைப் பொறுத்தவரை பெயரால் வரும் வேறுபாடு மிகக் குறைவு. அரச மருத்துவ பீடங்கள் அனைத்திலும் ஐந்தாண்டுப் படிப்பு, ஆங்கில மொழிமூலம். இறுதிப் பரீட்சையின் பின் பொதுவான திறமைப் பட்டியல் ஒன்றின் ஒழுங்கிலேயே ஓராண்டு உள்ளகப் பயிற்சிக்கான இடங்கள் வழங்கப்படுகின்றன. பட்டப்பின் படிப்பு எல்லோருக்கும் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் ஊடாகவே நடைபெறுகிறது. அந்தப் பரீட்சை மண்டபத்தில் நீங்கள் எந்தப் பீடத்திலிருந்து வந்தீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. என்னோடு இன்று பணிபுரியும் விசேட வைத்திய நிபுணர்களில் யாழ்ப்பாணத்தில் படித்தவர்களும் இருக்கிறார்கள், ருகுணு பீடம் உள்ள கராப்பிட்டியவில் படித்தவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் கேள்வியின் மையம் மொழிதான் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். முதலிரண்டு ஆண்டுகளில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனவியல் ஆகியவற்றைப் படிக்கும்போது சிங்களம் தெரியாதது பெரிய குறையாகத் தெரியாது. அப்போது எல்லோரையும் வருத்துவது ஆங்கிலம்தான். நோயாளர் விடுதிக்குள் நுழையும் நாளில் நிலைமை மாறும். அதிகாலையில் விடுதிக்குச் சென்று, உங்களுக்கு ஒதுக்கப்பட்ட கட்டிலில் இருப்பவரிடம் பேசி, அவர் ஏன் வந்தார், நோய் எப்போது தொடங்கியது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார் என்று அறிந்து, வைத்திய நிபுணர் வந்ததும் ஆங்கிலத்தில் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். வலி எங்கே இருக்கிறது என்பதைக் கையால் தொட்டுக் காட்டிவிடுவார்கள். அந்த வலி எப்படிப்பட்டது, எதைச் செய்தால் கூடுகிறது, முன்பு இதே போல் வந்தபோது என்ன செய்தார்கள் என்பவற்றை மொழி இல்லாமல் அறிய முடியாது. நண்பன் ஒருவனை மொழிபெயர்க்க வைத்தால் பதில்கள் கிடைக்கும். ஆனால் நோயாளி உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார், அந்த நண்பனைப் பார்த்துத்தான் பேசுவார். அடுத்த கேள்வி என்ன என்பதை அவருடைய தயக்கத்திலிருந்து உணரும் வாய்ப்பும் உங்களுக்குக் கிடைக்காது.

இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. நான் கொழும்புக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த சிங்களம் உங்களுக்கு இப்போது தெரிந்ததைவிடக் குறைவு. விடுதிகளில் உதவியாளர்களாக இருக்கும் அம்மாமார், தேநீர் கொண்டுவருபவர்கள், நீண்ட நாள் தங்கியிருக்கும் நோயாளிகள் ஆகியோரோடு கூச்சமின்றிப் பேசியதால் ஓராண்டுக்குள் நோய் வரலாறு எடுக்கப் பழகிவிட்டேன். பின்தங்கியவர்கள் மொழி தெரியாதவர்கள் அல்லர். பிழையாகப் பேசிவிடுவோமோ என்ற வெட்கத்தில் வாயே திறக்காதவர்கள்தான். அத்தோடு, தேசிய வைத்தியசாலைக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் நோயாளர் அனுப்பப்படுவதால் வவுனியாவிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தமிழ் பேசுவோர் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களிடம் வரலாறு எடுக்க உங்கள் சிங்கள நண்பர்கள் உங்களைத் தேடி வருவார்கள். அந்தப் பரிமாற்றம் இரு தரப்புக்கும் நல்ல பாடம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். உள்ளகப் பயிற்சியும் அதன் பின்னரான நியமனமும் நாடு முழுவதற்குமானவை. மொனராகலைக்கோ அம்பாறைக்கோ ஒருநாள் அனுப்பப்பட்டால், அங்கு இரவு வேளையில் ஒரு தாயிடம் குழந்தையின் காய்ச்சலைப் பற்றி நீங்கள்தான் கேட்க வேண்டியிருக்கும். சிங்களம் கற்பதை ஐந்தாண்டு தள்ளிப்போடலாமே தவிர, தவிர்க்க முடியாது. தமிழ் நோயாளர்களிடையே பணியாற்ற வேண்டும் என்ற ஆசையால் யாழ்ப்பாணம் செல்வது மிக நல்ல காரணம். சிங்களத்துக்கு அஞ்சிச் செல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

அப்பாவின் நிலையைக் கருத்திற்கொண்டால், உங்கள் இடத்தில் நான் கொழும்பையே முதலாவதாக எழுதுவேன். வெள்ளவத்தையிலிருந்து 154ஆம் இலக்கப் பேருந்தில் பொரளைப் பக்கம் வந்துவிடலாம். பீடமும், தேசிய வைத்தியசாலையும், லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும், டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலையும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தூரத்தில் இருக்கின்றன. அப்பாவுக்குத் திடீரென ஏதேனும் என்றால் அரை மணித்தியாலத்தில் அவரருகே இருப்பீர்கள் என்ற நினைவே உங்களை நிம்மதியாகப் படிக்கவிடும்.

கொக்குவிலில் படித்தவள்:

மேலே எழுதிய அண்ணா சொன்ன பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன். ஆயினும் யாழ்ப்பாணத்தின் பக்கத்தைச் சொல்ல ஒருவர் வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் பம்பலப்பிட்டியில் வளர்ந்தவள். யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படித்து, இப்போது மேல் மாகாண வைத்தியசாலையொன்றில் பணிபுரிகிறேன்.

தங்கச்சி, கட்டிலருகே கற்பதுதான் மருத்துவத்தின் உயிர். யாழ் போதனா வைத்தியசாலையில் நான் முதன்முதலாக முழுமையாக வரலாறு எடுத்த நோயாளி, நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு முதியவர். காலில் சிறு காயமாகத் தொடங்கி, நீரிழிவு காரணமாகப் பழுத்துவிட்டிருந்தது. ஏன் இத்தனை நாள் தாமதித்தீர்கள் என்று நான் கேட்டதும், கடல் கொந்தளிப்பால் படகு ஓடாத நாட்களைப் பற்றியும், குறிகட்டுவான் துறையில் இறங்கினால் அங்கிருந்து நகருக்குப் பேருந்து பிடிப்பது பற்றியும், தனக்குத் துணையாக வந்தால் மகளின் ஒருநாள் கூலி போய்விடும் என்பது பற்றியும் அவர் நீண்ட நேரம் சொன்னார். வைத்திய நிபுணரிடம் நான் சொல்லும்போது அந்தப் படகையும் கூலியையும் சேர்த்தே சொன்னேன். அவர் அந்த முதியவரை உடனே வீட்டுக்கு அனுப்பாமல், மருந்து கட்டும் ஒழுங்கை அவருடைய பிரதேச வைத்தியசாலையிலேயே செய்யச் சொல்லிக் கடிதம் கொடுக்க ஏற்பாடு செய்தார். நோயை மட்டுமன்றி நோயாளியின் வாழ்க்கையையும் கேட்டறிவது எப்படி என்பதை நான் என் தாய்மொழியில் கற்றுக்கொண்டேன். பின்னர் சிங்களத்தில் கேட்க நேர்ந்தபோது, எதைக் கேட்க வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. சொற்களை மட்டும் கற்க வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே வேளையில் கற்பவருக்குச் சுமை அதிகம்.

யாழ்ப்பாணம் சென்றால் சிங்களம் வராது என்பதும் சரியன்று. அங்குள்ள மருத்துவ பீடத்தில் இன்று சிங்கள மாணவர்கள் பெருமளவில் படிக்கிறார்கள். தமிழ் தெரியாமல் வந்து, யாழ்ப்பாணத்து அம்மாக்களிடம் வரலாறு எடுக்கத் திணறும் அவர்களுக்கு நாங்கள் உதவினோம், எங்களுக்கு அவர்கள் சிங்களம் சொல்லித்தந்தார்கள். என் உள்ளகப் பயிற்சி முற்றிலும் சிங்களம் பேசும் பிரதேசத்தில் அமைந்தபோது அவர்களுடைய நட்புத்தான் எனக்குக் கைகொடுத்தது.

தொலைவின் வலியையும் மறைக்க விரும்பவில்லை. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வெள்ளவத்தையிலிருந்தே இரவுப் பேருந்துகள் புறப்படுகின்றன, யாழ்தேவி புகையிரதமும் ஓடுகிறது. ஆகவே போக்குவரத்து வசதி இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் என் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று தொலைபேசி வந்த இரவில், அந்தப் பேருந்து அநுராதபுரத்தைத் தாண்டும்வரை நான் அனுபவித்ததை எந்த வசதியும் குறைக்கவில்லை. உங்கள் அப்பாவுக்கு ஏற்கெனவே ஒருமுறை பக்கவாதம் வந்திருப்பதால் இதை நீங்கள் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்கு இப்போது இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, மருந்துகளை ஒழுங்காக எடுக்கிறாரா, கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேறு ஒருவரை ஒழுங்குசெய்ய முடியுமா என்பவற்றுக்கு நல்ல பதில்கள் இருந்தால், நீங்கள் வீட்டில் இருப்பதா இல்லையா என்பது முன்னர் தோன்றிய அளவுக்கு எல்லாவற்றையும் தீர்மானிக்காது.

மாமா வீட்டில் தங்குவது பற்றி ஒரு வார்த்தை. முதலாண்டில் பல்கலைக்கழக விடுதி கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். சீனியர்கள் குப்பி என்ற பெயரில் எடுக்கும் பாட உதவி வகுப்புகள் பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். பரீட்சைக்கு முந்திய வாரங்களில் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் படிப்பதும் விடுதி அறைகளில்தான். அம்மம்மாவிடம் வார இறுதியில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். இதே காரணத்தால், கொழும்பில் வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைகளும் சிலவற்றை இழக்கிறார்கள் என்பதை அண்ணா சொல்லாமல் விட்டுவிட்டார்.

கொட்டாஞ்சேனைத் தந்தை:

பெற்றோர் தரப்பிலிருந்து எழுதுகிறேன். என் மகள் ராகமையில் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில் படிக்கிறாள். வீட்டுக்கு அருகிலுள்ள பீடம் என்றே நாங்களும் அதை விரும்பி எழுதினோம். முதலாண்டில் வீட்டிலிருந்து போய்வந்தாள். மூன்றாம் ஆண்டில் நோயாளர் விடுதிக் கடமை தொடங்கியதும் அது சரிவரவில்லை. அவளுடைய பிரிவுக்கு அவசர நோயாளர்களை அனுமதிக்கும் முறை வரும் நாட்களில் இரவு வெகுநேரம் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. அந்த நேரங்களில்தான் கற்க அதிகம் கிடைக்கிறது என்று அவள் சொல்வாள். வீட்டுக்கு வந்து சேர்ந்து, சாப்பிட்டு, மறுநாள் அதிகாலையில் மீண்டும் புறப்படுவதைப் பார்க்க எங்களுக்கே பொறுக்கவில்லை. இப்போது வைத்தியசாலைக்கு அருகில் இரண்டு தோழிகளோடு ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள், சனிக்கிழமைகளில் வருவாள்.

பிள்ளையின் அம்மாவுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: மகள் வீட்டில் இருந்து படித்தாலும், அப்பாவைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு அவளுடையதாக இருக்க முடியாது. கிளினிக் நடக்கும் அதே காலைப் பொழுதில் அவளும் ஏதோவொரு நோயாளர் விடுதியில் நின்றுகொண்டிருப்பாள். வார நாட்களில் யார் அழைத்துச் செல்வது என்ற ஒழுங்கை, எந்தப் பீடம் கிடைத்தாலும், இப்போதே செய்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைதானே என்று வேலைகள் மெல்ல மெல்ல அவள் தலையில் ஏறுவதை நான் என் வீட்டிலேயே கண்டேன். அம்மா நல்லவர்தான், அப்பாவும் நல்லவர்தான். ஆனாலும் அது நடந்துவிடுகிறது.

பகிடிவதை பற்றியும் தூர இடம் என்றால் பெற்றோர் அஞ்சுவார்கள். அது தூரத்தைப் பொறுத்த விடயமன்று. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி கல்வி நிறுவனங்களில் பகிடிவதை தண்டனைக்குரிய குற்றம். எந்தப் பீடத்துக்குச் சென்றாலும், ஏதேனும் நடந்தால் அன்றைக்கே வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று பிள்ளையோடு முன்கூட்டியே பேசிவையுங்கள்.

வெள்ளவத்தை மாணவி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியவற்றை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கொட்டாஞ்சேனை ஐயா சொன்னதைக் கேட்டதும் அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, சின்னம்மாவிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார். சின்னம்மா தெஹிவளையில் இருக்கிறார், வேலைக்குச் செல்வதில்லை. அவர் மாதாந்தக் கிளினிக்குக்கு அப்பாவை அழைத்துச் செல்ல ஒத்துக்கொண்டுவிட்டார். இயன்மருத்துவத்தை வீட்டிலேயே செய்யத் தம்பி பழகிக்கொள்கிறான்.

இப்போது கொழும்பை முதலாவதாக எழுதுவதில் மூவரும் உடன்பட்டுவிட்டோம். எனக்கும் அதுவே விருப்பம். தேசிய வைத்தியசாலையில் படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால் நான் எல்லையில் நிற்பதால் இரண்டாவது தெரிவுதான் உண்மையில் எனக்குக் கிடைக்கப்போவதாக இருக்கலாம். ஸ்ரீ ஜயவர்த்தனபுரவா, யாழ்ப்பாணமா என்பதில் அப்பாவும் அம்மாவும் முடிவை என்னிடமே விட்டுவிட்டார்கள்.

கொக்குவிலில் படித்தவள்:

சின்னம்மா முன்வந்தது மிக நல்ல செய்தி. என் பதில் நீங்கள் எதிர்பார்த்ததாகவே இருக்கும்: யாழ்ப்பாணத்தை இரண்டாவதாக எழுதுங்கள். அப்பாவே அதை விரும்புகிறார். அவரைப் பார்த்துக்கொள்ள ஒழுங்கும் செய்துவிட்டீர்கள். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு, வடக்கின் கிராமங்களில் ஐந்தாண்டு நோயாளர்களோடு பழகும் வாய்ப்பு பிற்காலத்தில் எளிதில் அமையாது. சமுதாய மருத்துவப் பயிற்சிக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளுக்குச் செல்லும்போது, இதுவரை விடுமுறைக்கு மட்டும் போய்வந்த ஊர்களை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

பொரளை வைத்தியர்:

கொக்குவிலில் படித்த தங்கை எழுதியதில் உள்ள அன்பை மதிக்கிறேன். ஆயினும் என் கருத்து சற்று வேறு. நீங்கள் வெள்ளவத்தையில் இருப்பதால், ஸ்ரீ ஜயவர்த்தனபுர பீடத்தின் முதன்மைப் போதனா வைத்தியசாலையான களுபோவில உங்கள் வீட்டுக்குப் பொரளையைவிடவும் அருகில் இருக்கிறது. விரிவுரைகளுக்கு நுகேகொடைப் பக்கம் செல்ல வேண்டியிருந்தாலும், நோயாளர் விடுதிகளில் நிற்கும் ஆண்டுகளில் இரவு எந்நேரம் ஆனாலும் வீடு சேரலாம். ராகமையில் படிக்கும் மகளுக்கு ஏற்பட்ட சிரமம் உங்களுக்கு ஏற்படாது. தெஹிவளையும் வெள்ளவத்தையும் அடுத்தடுத்து இருப்பதால் அந்த வைத்தியசாலைக்குத் தமிழ் பேசும் நோயாளர்களும் வருகிறார்கள். சிங்களம் கற்கத் தொடங்குபவருக்கு அது நல்ல சூழல்.

ஆனால் இதை ஒருவரும் உங்களுக்காகத் தீர்மானிக்க முடியாது. ஏனெனில் நான் முதலில் சொன்ன விதி இங்குதான் உங்களைத் தொடுகிறது. யாழ்ப்பாணத்தை இரண்டாவதாக எழுதினால், கொழும்பு தவறும் பட்சத்தில், ஸ்ரீ ஜயவர்த்தனபுரவுக்குப் போதுமான புள்ளி இருந்தாலும் உங்களுக்கு யாழ்ப்பாணமே கிடைக்கும். களுபோவிலவில் இடம் இருந்தும் 400 கிலோமீற்றர் தொலைவுக்குச் செல்ல நான் விரும்புகிறேனா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்று தயக்கமின்றிச் சொல்ல முடிந்தால் யாழ்ப்பாணத்தை எழுதுங்கள். தயக்கம் இருந்தால் அதை மூன்றாவதாக எழுதுங்கள். எப்படி எழுதினாலும் மற்ற மருத்துவ பீடங்களில் ஒன்றையும் விட்டுவிடாமல் கீழே வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றினதும் குறியீட்டு இலக்கத்தைக் கைந்நூலோடு ஒருமுறை சரிபார்த்து, அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதியொன்றையும் வைத்திருங்கள்.

பெறுபேறு வந்ததிலிருந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை பல மாதங்கள் கையில் இருக்கும். அந்தக் காலத்தில் பேச்சுச் சிங்களம் கற்பிக்கும் வகுப்பொன்றில் சேர்ந்துவிடுங்கள். அப்பாவின் கிளினிக் நாட்களில் காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் சிங்கள அம்மாக்களோடு பேச்சுக் கொடுங்கள். தங்கள் நோயைப் பற்றி அவர்கள் விருப்பத்தோடு பேசுவார்கள், நீங்கள் கேட்டால் போதும்.